‘எஸ்பாஞோல்’ என்னும் சொல்: ஒரு படைவீரரின் கொடிவழி

ஸ்பானியப் பேரரசு தன் வடக்கு எல்லையான கலிபோர்னியாவில் 1790ஆம் ஆண்டு எடுத்த குடிக்கணக்கில் ஒரு தம்பதியரின் பெயர் பதிவாகியுள்ளது. கணவர் சாந்தியாகோ தெ லா குருஸ் பிக்கோ. மனைவி மரியா ஹசிந்தா தெ லா பஸ்தீதா. கணவரின் பெயரை ஒட்டி ‘மெஸ்திசோ’ என்ற சொல்லும் மனைவியின் பெயரை ஒட்டி ‘முலாத்தா’ என்ற சொல்லும் எழுதப்பட்டுள்ளன. முன்னது ஸ்பானிய மரபும் அமெரிக்கப் பழங்குடி மரபும் கலந்தவரைச் சுட்டும். பின்னது ஆப்பிரிக்க மரபு கலந்த பெண்ணைச் சுட்டும். இத்தம்பதியரின் பேரன் பியோ பிக்கோ, மெக்சிகோவின் ஆட்சிக்கு உட்பட்ட கலிபோர்னியாவின் கடைசி ஆளுநர். அவர் 1894இல் இறந்தபோது, இத்தகைய குடும்பங்களைப் ‘பழைய ஸ்பானியக் குடும்பங்கள்’ என்று அழைக்கும் வழக்கம் அமெரிக்கப் பேச்சிலும் எழுத்திலும் வேரூன்றிவிட்டது.

இரு பதிவுகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு மட்டுமே உள்ளது. அந்த நூற்றாண்டில் குடும்பத்தின் குருதி மாறிவிடவில்லை. அதைக் குறித்த சொல்தான் மாறியது. ஸ்பானியக் குடியேற்றப் படைவீரர் ஒருவரின் கொடிவழியைத் தேடுவோர் பெரும்பாலும் ஊர், பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தேடுகின்றனர். அவற்றை அடுத்து எழுதப்பட்ட அடைமொழியைத் தகவல் என எடுத்துக்கொண்டோ பிழை எனத் தள்ளிவிட்டோ கடந்துவிடுகின்றனர். பிக்கோ குடும்பத்தின் வரலாறு அந்த அடைமொழியிலேயே தங்கியிருக்கிறது.

சாந்தியாகோ பிக்கோவின் ஊர் இன்றைய மெக்சிகோவின் சினலோவா பகுதியிலுள்ள சான் ஹாவியர் தெ கபசான். ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவரல்லர் அவர். புதிய ஸ்பெயின் எனப்பட்ட மெக்சிகோவில், ஸ்பானியர், பழங்குடியினர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் ஆகிய மூவரின் வழிவந்தோர் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்த ஒரு சமூகத்தில் பிறந்தவர். சினலோவாவின் சுரங்கங்களிலும் கால்நடைப் பண்ணைகளிலும் உழைத்த மக்கள் இந்தக் கலப்பிலிருந்து வந்தவர்களே. ‘ஸ்பானியக் குடியேறி’ என்ற தொடரைக் கேட்டவுடன் மனத்தில் எழும் ஐரோப்பிய உருவம் இவர்களுக்குப் பொருந்தாது. ஸ்பானிய அரசரின் குடிகள், ஸ்பானிய மொழி பேசியோர், கத்தோலிக்கர் என்ற அளவிலேயே அவர்கள் ஸ்பானியர்.

1774இல் ஹுவான் பௌதிஸ்தா தெ ஆன்சா என்ற எல்லைப்படைத் தலைவர் சொனோராவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தரைவழி ஒன்றைக் கண்டார். அவ்வழியே குடும்பங்களைக் கொண்டுசென்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் குடியமர்த்த வேண்டும் என்பது அரசப் பிரதிநிதி புக்கரேலியின் திட்டம். ஆள் சேர்க்கும் இடமாகச் சினலோவாவை ஆன்சா முன்மொழிந்ததற்குக் காரணம் வறுமை. அங்குள்ளோர் கடும் வறுமையில் வாழ்வதால் புறப்பட இசைவார்கள் என அவர் எழுதினார். ஊதியத்தைப் பணமாகக் கொடுத்தால் சூதாட்டத்தில் தொலைத்துவிடுவார்கள், ஆகவே ஆடையாகவும் பொருளாகவும் தருவதே நன்று என்றும் அறிவுறுத்தினார். பேரரசின் பெருமை பேசும் பிற்கால நூல்களில் ‘வீரக் குடியேறிகள்’ என வரும் மக்கள், பேரரசின் சொந்த ஆவணத்தில் ஆடையின்றி வாடும் ஏழைகளாகத் தோன்றுகின்றனர்.

1775 அக்டோபர் 23 அன்று, இன்றைய அரிசோனாவிலுள்ள துபாக் என்ற காவலூரிலிருந்து அப்பயணக் கூட்டம் புறப்பட்டது. ஏறத்தாழ 240 பேர், ஆயிரம் அளவிலான குதிரை, கோவேறு கழுதை, மாடுகள். முதல் இரவிலேயே மனுவேலா பிஞுவேலாஸ் என்ற பெண் மகப்பேற்றின் பின் உயிர்நீத்தார். குழந்தை பிழைத்தது. அதன்பின் வழியில் வேறு எவரும் இறக்கவில்லை. பனியும் பாலையும் கடந்து 1776 ஜனவரி 4 அன்று சான் கபிரியேல் மிஷனையும், மார்ச் 10 அன்று மோந்தெரேயையும் அக்கூட்டம் அடைந்தது. அதில் படைவீரராகச் சென்றவர் சாந்தியாகோ பிக்கோ. உடன் ஹசிந்தாவும் குழந்தைகளும் சென்றனர். ஹோசே மரியா, ஹோசே தொலோரெஸ் என்னும் மகன்களின் வழியே இக்கொடிவழி பின்னர்க் கிளைத்துச் செல்கிறது.

அதே கூட்டத்தில் பெலிசியானா அர்பாயோ என்ற இளம் கைம்பெண் தம் இரு பெண்குழந்தைகளுடன் சென்றார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு துறவியின் சினம். பயணத்தின் பாதிரியார் பேத்ரோ பொந்த், நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1775 டிசம்பரில் பாலையின் கொடிய பகுதியைக் கடந்த மகிழ்ச்சியில் மக்கள் ஆடிப்பாடிய இரவில், ஒரு கைம்பெண் நாகரிகமற்ற பாடல்களைப் பாடினார் என்றும், கூட்டம் அவரைப் பாராட்டியது என்றும், அவருடன் இருந்த ஆடவன் சினந்து அவரைத் தண்டித்தான் என்றும் எழுதிவைத்தார். ஆன்சா அந்த ஆடவனைக் கண்டித்தார். பொந்தோ அவன் செய்தது சரியே என வாதிட்டார். அப்பெண் சான் கபிரியேலிலேயே தங்கி, ஹுவான் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற படைவீரரை மணந்தார். அவருடைய முதல் மணத்தின் மகளான மரியா யூஸ்தாக்கியா குத்தியேரெஸ், வளர்ந்தபின் சாந்தியாகோவின் மகன் ஹோசே மரியா பிக்கோவை மணந்தார். ஆளுநர் பியோ பிக்கோ அவர்களின் மகன்.

கொடிவழி ஆய்வின் பொதுவான குறையொன்றை இவ்விடம் காட்டுகிறது. படைவீரரின் பெயரைப் பின்தொடர்வோருக்கு ஆண்வழி ஒன்றே கிடைக்கும். பெலிசியானாவைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரைபடம் விரிகிறது. முதல் மணத்தின் மகள் வழியே தெற்கின் பிக்கோ குடும்பம் வருகிறது. இரண்டாம் மணத்தின் மகள் மரியா இக்னாசியா லோபெஸ் வழியே காரியோ குடும்பம் வருகிறது. மரியா இக்னாசியாவின் மகள் பிரான்சிஸ்கா பெனிசியா, வடக்கின் பெருந்தலைவரான மரியானோ வயேஹோவின் மனைவி. தெற்கும் வடக்கும் அரசியலில் போட்டியிட்ட காலத்தில் இருபுறத் தலைவர்களின் இல்லங்களையும் இணைத்த மூதாட்டி, பாதிரியாரின் குறிப்பில் பெயரும் இல்லாமல் வரும் அந்தக் கைம்பெண்ணே. பியோ பிக்கோவின் சகோதரிகளில் ஒருவரின் பெயர் ஹசிந்தா, மற்றொருவரின் பெயர் பெலிசியானா. இரு பாட்டியரின் பெயர்களையும் குடும்பம் பேத்திகளுக்கு இட்டுக் காத்தது. பேரரசின் ஆவணம் காக்காததைப் பெயரிடும் வழக்கம் காத்தது எனலாம்.

இத்தகைய ஒரு குடும்பத்தைத் தேடுவோருக்கு உதவும் ஆவணங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, மிஷன்களின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள். இவற்றைத் தொகுத்து ஹண்டிங்டன் நூலகம் 2006இல் வெளியிட்ட தரவுத்தளத்தில் 1,01,000க்கும் மேற்பட்ட திருமுழுக்குகளும், ஏறத்தாழ 27,000 திருமணங்களும், 71,000 அடக்கங்களும் அடங்கும். இரண்டாவது, திருமணத்திற்கு முன் மணமக்களிடையே உறவுத்தடை உண்டா எனச் சாட்சிகளை வைத்து விசாரித்த கோப்புகள். உறவுமுறை அறிய இவற்றினும் சிறந்த சான்று இல்லை. மூன்றாவது, படைச்சேர்ப்புப் பத்திரங்கள். பெற்றோர் பெயர், ஊர் என்பவற்றுடன் உயரம், முடியின் நிறம், தோலின் நிறம், தழும்பு முதலியவற்றையும் அவை குறித்தன. தப்பியோடினால் அடையாளம் காண வேண்டுமே என்பது அரசின் கவலை. நான்காவது, ‘பத்ரோன்’ எனப்பட்ட குடிக்கணக்கு.

இவற்றுள் முதல் வகை பெரிதும் எஞ்சியது. அரசு ஆவணங்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஸ்பானிய, மெக்சிக அரசுகளின் கலிபோர்னிய ஆவணங்களுள் பெரும்பகுதி 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் அழிந்தது. அதற்கு மூன்று பதின்ம ஆண்டுகளுக்கு முன் ஹியூபர்ட் ஹோவ் பேன்கிராஃப்ட் என்ற நூல்வணிகரும் வரலாற்றாசிரியரும் எழுத்தர்களை அமர்த்தி அந்த ஆவணங்களைப் படியெடுப்பித்தார். 63 தொகுதிகளான அப்படிகள் இன்று பெர்க்லியிலுள்ள, அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் உள்ளன. முழுப் படிகள் அல்ல அவை, பெரும்பாலும் சுருக்கங்கள். எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் 1870களின் எழுத்தர். மூலம் எரிந்த பின் அவர் விட்டதை மீட்க வழியில்லை. ஆகவே கொடிவழி தேடுவோர் தம் முன்னோரைப் பற்றிப் படிக்கும் ஒரு வரியில், பதிவு செய்த படைத்தலைவர், படியெடுத்த எழுத்தர், தொகுத்த ஆய்வாளர் என மூவரின் கைகள் பட்டிருக்கக்கூடும்.

அடைமொழிகளின் இயல்பு இதனினும் சிக்கலானது. புதிய ஸ்பெயினில் மக்களைப் பிரித்த முறைக்குக் ‘காஸ்தா’ என்று பெயர். எஸ்பாஞோல், மெஸ்திசோ, முலாத்தோ, இந்தியோ, நெக்ரோ, கோயோத்தே என அதன் வகைகள் நீளும். வரி, ஆயுதம் தாங்கும் உரிமை, பதவி, திருமணம் ஆகியவற்றில் இவ்வகைகளுக்குச் சட்டப்பயன் உண்டு. ஆனால் தொலைதூர எல்லையில், ஆள் பஞ்சம் மிகுந்த காவலூர்களில், இவ்வகைகள் உறுதியாக நிற்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் முதல் குடிகளே இதற்குச் சான்று. 1781இல் அந்நகரை நிறுவிய 11 குடும்பங்களின் 44 பேரைப் பற்றிய பட்டியல் உள்ளது. அதில் ‘முலாத்தோ’ எனப் பதிவான மனுவேல் கமேரோ, 1790ஆம் ஆண்டுக் கணக்கில் ‘மெஸ்திசோ’ ஆகிறார். ‘இந்தியோ’ எனப் பதிவான பசிலியோ ரோசாஸ், ‘கோயோத்தே’ ஆகிறார். கோயோத்தே என்றால் மெஸ்திசோவும் பழங்குடியினரும் கலந்தவர் என்பது பொருள். முதல் பட்டியலில் ‘இந்தியோ’ எனக் குறிக்கப்பட்ட ஹோசே வனேகாஸ் 1788இல் நகரின் முதல் அல்கால்தே ஆனார், அதாவது நகரத் தலைவரும் நடுவரும் ஆனார். ஒன்பது ஆண்டில் ஒரு மனிதரின் பெற்றோர் மாறுவதில்லை. அவர் நிலம் உழுதார், கடன் அடைத்தார், பதவி பெற்றார், மரியாதை பெற்றார். அந்த மாற்றத்தைக் கணக்கெடுப்பாளரின் எழுதுகோல் பிறப்பின் மொழியில் எழுதியது.

இதே ஏற்றத்தைப் பேரரசின் மையப்பகுதிகளில் சிலர் விலை கொடுத்து வாங்கினர். கலப்புப் பிறப்பின் தடையை நீக்கும் அரச ஆணைக்கு 1795இல் கட்டணப் பட்டியலே வெளியிடப்பட்டது. கலிபோர்னியாவின் படைவீரருக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. எல்லையில் பிழைத்திருந்ததே போதுமான கட்டணமாயிற்று.

‘காஸ்தா’ என்ற சொல் இந்திய வாசகர்க்கு அயலானது அன்று. ஐபீரியத் தீபகற்பத்தில் இனம், வழி, வித்து என்ற பொருளில் வழங்கிய இதே சொல்லைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்திய மேற்குக்கரைக்குக் கொணர்ந்து, இங்குள்ள சாதிகளைக் குறிக்கப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தின் ‘காஸ்ட்’ அதன் வழிவந்தது. ஒரே சொல் இருவேறு கடல்களைக் கடந்து இருவேறு சமூகங்களின் மீது படிந்தது. எனினும் அது செயற்பட்ட விதம் வேறு. பிரித்தானிய இந்தியாவில் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்க முற்பட்டபோது, சாதிச் சங்கங்கள் தம் பெயரையும் படிநிலையையும் மாற்றக் கோரி மனுக்களைக் குவித்தன. இங்கே ஒரு சாதி முழுவதும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டியிருந்தது. கலிபோர்னியாவிலோ ஒரு தனிமனிதர், ஒரு குடும்பம், ஓசையின்றி ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு நகர முடிந்தது. அகமணமுறை இறுகிய சமூகத்திற்கும் கலப்புமணமே இயல்பாயிருந்த சமூகத்திற்கும் உள்ள வேறுபாடு இது. ஆயினும் இரண்டிலும் கணக்கெடுப்பு என்பது கண்டதை எழுதும் செயலாக மட்டும் இருக்கவில்லை. எழுதப்படுவோர் எப்படி எழுதப்பட விரும்பினர் என்பதும் அதில் கலந்தது.

1795இல் ஆளுநர் தியேகோ தெ போரிக்கா, சாந்தியாகோ பிக்கோவுக்குச் சிமி பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நில உரிமையை வழங்கினார். 1821இல் அவ்வுரிமை அவருடைய மகன்கள் பத்ரீசியோ, மிகேல், ஹாவியர் ஆகியோர்க்கு உறுதிசெய்யப்பட்டது. பிற்கால அளவீட்டில் அந்நிலத்தின் பரப்பு 1,13,009 ஏக்கர். கபசானில் பிறந்த ஏழைப் படைவீரருக்கு இது கனவிலும் எட்டாத நிலம். ‘சிமி’ என்ற பெயர் அங்கிருந்த சுமாஷ் மக்களின் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. நிலம் கைமாறிய பின் அதன் பழைய குடிகளின் சொல் மட்டும் பெயராக எஞ்சியது.

எல்லா மகன்களுக்கும் இந்த நற்பேறு கிட்டவில்லை. சான் கபிரியேல் மிஷனின் காவற்படையில் சார்ஜெண்டாகப் பணியாற்றிய ஹோசே மரியா பிக்கோ 1819இல் இறந்தபோது குடும்பத்திற்குச் சொத்து எதையும் விட்டுச்செல்லவில்லை. மகன் பியோ சான் தியேகோவில் சிறுகடை வைத்துத் தாயையும் சகோதரிகளையும் காத்தார். இந்த விவரங்களை அவரே 1877இல் பேன்கிராஃப்டின் உதவியாளர் தாமஸ் சாவேஜிடம் ஸ்பானிய மொழியில் சொல்லி எழுதச் செய்த நினைவுரையில் பதிவு செய்துள்ளார்.

இதற்கிடையே சொல்லின் வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்தது. விடுதலை பெற்ற மெக்சிகோ 1822 செப்டம்பர் 17 அன்று, ஆலயப் பதிவேடுகளிலும் அரசு ஆவணங்களிலும் குடிமக்களைப் பிறப்புவகையால் குறிக்கலாகாது என ஆணையிட்டது. மெஸ்திசோவும் முலாத்தாவும் ஏடுகளிலிருந்து மறைந்தன. கலிபோர்னியாவில் எஞ்சியது ஒரே ஒரு பிரிவினை. மிஷன்களில் அடைபட்ட பழங்குடியினர் ஒருபுறம், ‘ஹெந்தே தெ ரசோன்’ மறுபுறம். ‘பகுத்தறிவுடைய மக்கள்’ என்பது இத்தொடரின் நேர்ப்பொருள். ஸ்பானிய மொழி பேசி, கிறித்தவராய் வாழ்ந்த அனைவரும் இதில் அடங்குவர். ஹசிந்தாவின் பேரக்குழந்தைகள் இந்தப் பிரிவில் ஐயத்திற்கு இடமின்றி இருந்தனர். சட்டம் சமத்துவத்தை நாட்டியது உண்மை. ஆனால் அந்தச் சமத்துவத்தின் வாயிற்படி பழங்குடியினரை வெளியே நிறுத்தியது என்பதும் உண்மை.

மூன்றாம் தலைமுறை உச்சத்தைத் தொட்டது. பியோ பிக்கோ 1832இல் சில நாட்களும், 1845 முதல் 1846 வரையிலும் ஆளுநராக இருந்தார். 1841இல் அவரும் தம்பி அந்திரேசும் சாந்தா மார்கரீத்தா என்னும் பெரும்பண்ணையைப் பெற்றனர். அமெரிக்கப் படையெடுப்பின்போது 1846 டிசம்பர் 6 அன்று சான் பாஸ்குவால் போரில் அமெரிக்கத் தளபதி கேர்னியின் படைக்குப் பெரும் இழப்பை விளைவித்தவர் அந்திரேஸ் பிக்கோ. 1847 ஜனவரி 13 அன்று கவெங்காவில் கலிபோர்னியர் சார்பில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் அவரே. ஹோசே தொலோரெசின் கிளையில் சலோமோன் பிக்கோ என்ற பேரன் வழிப்பறிக் கூட்டத் தலைவனாகி 1860இல் பாஹா கலிபோர்னியாவில் மரணதண்டனை பெற்றான். ஒரே பாட்டனின் பேரர்களில் ஆளுநர், படைத்தலைவர், கொள்ளைக்காரன் என மூவரும் இருந்தனர்.

அமெரிக்க ஆட்சியோடு புதிய அடைமொழி ஒன்று வந்தது. 1849இல் மோந்தெரேயில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் 48 உறுப்பினர்கள் இருந்தனர். வாக்குரிமை ‘வெள்ளை’ ஆண்களுக்கே என்று முன்மொழியப்பட்டது. பாப்லோ தெ லா குவேரா எழுந்து ‘வெள்ளை’ என்பதன் பொருள் யாது என வினவினார். இயற்கையாகவே கருநிறம் கொண்டோர் கலிபோர்னியரில் பலர் உண்டு, அவர்களை விலக்குவது அநீதி என்றார். அச்சொல் ஆப்பிரிக்க மரபினரை விலக்குவதற்கு மட்டும் என்றால் தமக்கு மறுப்பில்லை என்றும் சொன்னார். வாக்குரிமையை வெள்ளை ஆண்களோடு நிறுத்திய அந்த அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஹோசே தொலோரெசின் மகன் அந்தோனியோ மரியா பிக்கோ. மற்றொருவர் பியோ பிக்கோவின் இரு சகோதரிகளை ஒருவர்பின் ஒருவராக மணந்த ஹோசே அந்தோனியோ காரியோ.

1790ஆம் ஆண்டு ஏட்டில் ‘முலாத்தா’ என்று எழுதப்பட்ட ஹசிந்தா, அந்தோனியோ மரியாவின் தந்தைவழிப் பாட்டி. அந்த ஏடு அன்று மாநாட்டு மேசையில் விரிக்கப்பட்டிருந்தால், அவ்விதியை ஏற்றுக் கையெழுத்திட்ட பேரனே அவ்விதியால் ஐயத்திற்கு உள்ளாகியிருப்பார். இதை வஞ்சகம் என்றோ மறதி என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. தோற்ற நாட்டின் மக்களுக்கு முன் இரண்டே பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒன்றில் குடியுரிமையும் நிலமும் இருந்தன. மற்றொன்றில் எதுவும் இல்லை. பல அடுக்குகள் கொண்ட பழைய முறையில் படிப்படியாக ஏறிய குடும்பங்கள், இரண்டே வகைகள் கொண்ட புதிய முறையில் ஒரே தாவலில் கரையேற வேண்டியிருந்தது. ‘ஸ்பானியர்’ என்ற சொல் அவர்களுக்குத் தெப்பமாயிற்று.

தெப்பம் உரிமையைக் காத்தது, நிலத்தைக் காக்கவில்லை. 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நிலவுரிமையாளரும் தம் உரிமையை ஆணையத்தின் முன் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. வழக்குகள் நீண்டன, வட்டி ஏறியது. 1859இல் நிலவுரிமையாளர் பலர் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு முறையீடு அனுப்பினர். தாம் அறியாத சட்டத்திலும் அயல்மொழியிலும் சிக்கி அழிவதாக அதில் அவர்கள் கூறினர். அம்முறையீட்டின் முதல் பெயர் அதே அந்தோனியோ மரியா பிக்கோ. பியோ பிக்கோ ஆங்கிலம் கற்கவில்லை. மைத்துனர் ஹுவான் ஃபார்ஸ்டரோடு நிகழ்ந்த சாந்தா மார்கரீத்தா வழக்கில், நிலத்தின் பாதியை மட்டுமே எழுதிக் கொடுப்பதாக எண்ணித் தாம் கையெழுத்திட்டதாக வாதிட்டுத் தோற்றார். 1883இல் 62,000 டாலர் பெற்று எழுதிக்கொடுத்த ஆவணம் கடனுக்கான அடமானமே என்ற அவரது வாதத்தைக் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1891இல் ஏற்கவில்லை. அது முழு விற்பனை எனத் தீர்ந்தது. எஞ்சியிருந்த பண்ணையையும் இழந்து, மூன்று ஆண்டுகளில் அவர் இறந்தார். இக்குடும்பம் நிலம் பெற்றது ஓர் எழுத்தால். அதை இழந்தது, தான் படிக்க முடியாத வேறோர் எழுத்தால்.

கலிபோர்னியருக்கு நிலமும் அதிகாரமும் போன பின்னரே ‘ஸ்பானியப் பழம்பெருமை’ அமெரிக்கருக்கு இனிக்கத் தொடங்கியது. ஹெலன் ஹண்ட் ஜாக்சன் 1884இல் வெளியிட்ட ‘ரமோனா’ புதினத்தின் பின் மிஷன் பாணிக் கட்டடங்களும் குதிரை ஊர்வலங்களும் பெருகின. அந்நூல் பழங்குடியினர்க்கு இழைத்த கொடுமையை உணர்த்த எழுதப்பட்டது. வாசகர்களோ அதிலிருந்து பண்ணை மாளிகையின் காதலையே எடுத்துக்கொண்டனர். இதழாளரும் வரலாற்றாசிரியருமான கேரி மெக்வில்லியம்ஸ் இதனை ‘ஸ்பானியக் கற்பனை மரபு’ எனப் பெயரிட்டுச் சாடினார். ஸ்பானியர் என்றால் பெருமைக்குரிய கடந்தகாலம், மெக்சிகர் என்றால் கூலிக்கு வந்த நிகழ்காலம் என ஒரே மக்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர்.

இந்தக் கற்பனையை உடைத்தவை பெருங்கோட்பாடுகள் அல்ல, பதிவேடுகளே. தாமஸ் வொர்க்மன் டெம்பிள், மேரி நார்த்ரப், வில்லியம் மேசன் ஆகியோர் ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு குடும்பமாக மீட்டனர். ஜாக் ஃபோர்ப்ஸ் ஆப்பிரிக்க மரபினரின் பங்கை 1960களில் எடுத்துக்காட்டினார். லாஸ் ஏஞ்சலஸின் இருநூறாம் ஆண்டான 1981இல் பழைய சதுக்கத்தில் நிறுவப்பட்ட பட்டயத்தில், முதற்குடிகளின் பெயரோடு அவரவர் வகையும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அதைப் படிப்போர், அந்நகரை நிறுவியோரில் ‘எஸ்பாஞோல்’ எனக் குறிக்கப்பட்டோர் மிகச் சிலரே என்பதை நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.

அதே பதிவேடுகள் வேறொரு கொடிவழியையும் சுமக்கின்றன. மிஷன்களின் திருமுழுக்குப் பதிவுகளில் பெரும்பான்மை படைவீரர் குடும்பங்களுடையவை அல்ல, பழங்குடியினருடையவை. ஊர்ப்பெயர், உறவினர் பெயர், புதிதாக இடப்பட்ட ஸ்பானியப் பெயர், சில ஆண்டுகளிலேயே அடக்கம் என அவை வரிசையாக நீள்கின்றன. அவற்றைக் கொண்டே ராண்டல் மில்லிகன் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் பழங்குடி ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையானதை ஆண்டுவாரியாக நிறுவினார். ஆகவே ஒரு படைவீரரின் வழித்தோன்றல் தம் முன்னோரைத் தேடித் திருப்பும் பக்கத்திலேயே, அம்முன்னோரின் வருகையால் அற்றுப்போன ஊர்களின் பெயர்களும் உள்ளன. ஒன்றைப் படித்து மற்றொன்றைத் தாண்டிச் செல்வது ஆய்வாகாது.

பிக்கோ குடும்பத்தின் கதை கொடிவழி ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறையைக் கற்பிக்கிறது. ஒரு மூதாதையின் பெயருக்கு அருகே உள்ள அடைமொழியைக் காணும்போது, அவர் யார் என்ற வினாவுக்கு முன், அதை எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக என்ற வினாக்கள் எழ வேண்டும். ஒரே மனிதரை வெவ்வேறு ஆண்டுகளின் ஏடுகளில் தேடி, மாறுபடும் சொற்களை ஒன்றாகத் திருத்தாமல் அருகருகே வைக்க வேண்டும். அம்மாறுபாடு பிழையன்று, அதுவே சான்று. ஆண்வழியோடு பெண்வழியையும், குடியேறியவரோடு குடிபெயர்க்கப்பட்டவரையும் ஒரே பக்கத்தில் படிக்க வேண்டும்.

சாந்தியாகோ பிக்கோ தம்மை எவ்வாறு கருதினார் என்பதற்கு அவர் எழுத்து எதுவும் எஞ்சவில்லை. ஹசிந்தாவுக்கும் அவ்வாறே. எஞ்சியவை பிறர் எழுதிய இரு சொற்களும், ஒரு பேத்திக்கு இடப்பட்ட ஒரு பெயரும். முதல் இரண்டும் காலந்தோறும் மாறின, மறைந்தன, மறைக்கப்பட்டன. மூன்றாவது மாறவில்லை.